சீருடையைப் பார்த்து எழுதிய தீர்ப்பு

சாரண இயக்கத்தைப் பற்றிப் படித்தவர்களிடையே நிலவும் கருத்து ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்தது. பிரித்தானியப் பேரரசின் படைத்தலைவர் ஒருவர், அப்பேரரசுக்கு வேண்டிய வருங்காலப் படைவீரர்களையும் பணிவுள்ள அலுவலர்களையும் உருவாக்குவதற்காகத் தொடங்கிய அமைப்பு அது என்றும், காக்கி உடை, கழுத்துத்துண்டு, கொடிவணக்கம், கட்டளை ஆகியவற்றின் வழியே அது சிறுவர்களுக்குக் கீழ்ப்படிதலைப் பழக்கியது என்றும், விடுதலைக்குப் பின்னர் நோக்கம் மறைந்து சடங்கு மட்டும் எஞ்சியதால் இன்று அமைச்சரை வரவேற்கவும் குடியரசு நாள் அணிவகுப்பில் நடக்கவும் சான்றிதழ் சேர்க்கவுமே அது பயன்படுகிறது என்றும் அக்கருத்து கூறும். கல்விப்புல நூல்களில் இதன் முற்பாதி அழுத்தமாகவும், பள்ளி ஆசிரியர் அறைகளில் பிற்பாதி கேலியாகவும் வெளிப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இயக்கத்தின் தோற்றம் குற்றமுடையது, நிகழ்காலம் வெறுமையுடையது, ஆகவே அதன் சமூகப் பயன் என்று பேசப்படுவதெல்லாம் ஆண்டறிக்கை அலங்காரம் என்ற தீர்ப்பு கிடைக்கும்.

இத்தீர்ப்புக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. இயக்கத்தை நிறுவிய ராபர்ட் பேடன்-பவல் 1876இல் பதின்மூன்றாம் ஹுஸார் குதிரைப்படையின் இளம் அலுவலராக இந்தியாவுக்கு வந்தவர். தென்னாப்பிரிக்கப் போரில், 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாள் நீடித்த மாஃபெகிங் நகர முற்றுகையைத் தாங்கி நின்றதால் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றவர். அப்போருக்கு ஆள் எடுத்தபோது நகர்ப்புற ஏழை இளைஞர்களுள் பலர் உடற்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டதால் அந்நாட்டில் எழுந்த அச்சம், அவர் 1908இல் பகுதி பகுதியாக வெளியிட்ட 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' நூலின் பல இடங்களில் தெரிகிறது. உறுதிமொழியில் கடவுளை அடுத்து அரசர் இடம்பெற்றார். மேலிருப்பவரின் கட்டளையைக் கேள்வியின்றி ஏற்பது தொடக்ககால விதிகளுள் ஒன்றாக இருந்தது. இவற்றையெல்லாம் தொகுத்து மைக்கேல் ரோசன்தால் 1986இல் வெளியிட்ட நூல், இவ்வியக்கத்தைக் குணங்களை அச்சில் வார்த்தெடுக்கும் தொழிற்சாலையாகவே சித்தரித்தது. நிறுவனரின் தனிப்பட்ட நம்பிக்கைகளும் பாதுகாக்கத்தக்கவை அல்ல. இனங்களைப் பற்றிய அவருடைய பார்வை அவர் காலத்து அலுவலர்களின் பார்வையே. 1939ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஹிட்லரின் நூலை அதன் கல்விக் கருத்துகளுக்காகப் பாராட்டிவிட்டு, ஹிட்லரே அவற்றைக் கடைப்பிடிக்கவில்லை என்று சேர்த்து எழுதியவர் அவர்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் தீர்ப்பு தவறானதே. ஓர் அமைப்பு எங்கே பிறந்தது என்பதை ஆராய்ந்தவர்கள், அது யார் கைக்குப் போயிற்று, போன இடத்தில் என்ன செய்தது என்பதை ஆராயாமலே தீர்ப்பை எழுதிவிட்டார்கள். நிறுவனரின் உள்நோக்கம் இயக்கத்தில் சேர்ந்த கோடிக்கணக்கான சிறுவர் சிறுமியர் மீது சிறிதும் மாறாமல் பதிந்தது என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பேரரசைக் கண்டிக்கும் நோக்கில் எழுதப்பட்ட இவ்வாராய்ச்சி, ஆளப்பட்டவர்களுக்குச் சொந்த அறிவோ சூழ்ச்சியோ இருந்திருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறது. அவ்வகையில் அது பேரரசின் பார்வையையே இரவல் வாங்கிக்கொள்கிறது.

தோற்றக் கதையே கூடச் சொல்லப்படும் அளவுக்கு நேரானதன்று. 1907 ஆகஸ்டில் பிரௌன்சீ தீவில் நடந்த முதல் சோதனை முகாமில் இருபது பேர் அளவில் சிறுவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்தும், மற்றொரு பகுதியினர் பூல், போர்ன்மத் ஊர்களில் இருந்த பாய்ஸ் பிரிகேட் என்னும் தொழிலாளர் குடும்பச் சிறுவர் அமைப்பிலிருந்தும் அழைத்துவரப்பட்டு, ஒரே அணிகளில் கலந்து அமர்த்தப்பட்டார்கள். வர்க்கப் பிரிவு இறுகிக்கிடந்த அன்றைய இங்கிலாந்தில் இது சாதாரணச் செய்தியன்று. காட்டு வாழ்க்கைப் பயிற்சியின் கணிசமான பகுதி, வட அமெரிக்கப் பழங்குடியினர் வாழ்வைப் பின்பற்றி எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் 1902இல் தொடங்கிய சிறுவர் அமைப்பிலிருந்து பெறப்பட்டது. படைத்துறைப் பாணியிலான நடைப்பயிற்சி சிறுவனின் தனித்தன்மையை மழுங்கடிக்கும் என்பது பேடன்-பவலே எழுதிய கருத்து. படைத்துறைச் சாயல் பற்றிய சண்டையும் இயக்கத்தின் உள்ளேயே தொடங்கியது: அச்சாயலை எதிர்த்த பிரான்சிஸ் வேன் 1909இலேயே பிரிந்து சென்று மாற்று அமைப்புக்குத் தலைமை ஏற்றார். இன்றைய திறனாய்வாளர் கண்டுபிடித்ததாக முன்வைக்கும் குறை, இயக்கம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் அதன் உறுப்பினர்களாலேயே வாதிடப்பட்ட ஒன்று.

மேற்சொன்ன தீர்ப்புக்கு மிகவும் சங்கடமான சான்று இந்தியாவில் இருக்கிறது. இங்கே முதல் சாரணர் படை 1909இல் பெங்களூரில் கேப்டன் டி. எச். பேக்கரால் தொடங்கப்பட்டது. ஆனால் அதில் சேரும் உரிமை ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கே இருந்தது. சாரணப் பயிற்சி அடிமைப் புத்தியை வளர்க்கும் கருவியாக இருந்திருந்தால், அடிமைப்படுத்தப்பட்ட நாட்டின் சிறுவர்களுக்கு அதை முதலில் ஊட்டியிருக்க வேண்டும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறானது. 1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினைக்குப் பின் வங்காளத்தில் உடற்பயிற்சி சங்கங்கள் என்ற பெயரில் புரட்சிக் குழுக்கள் வளர்ந்ததைக் கண்டிருந்த காலனி அலுவலர்கள், தடம் பார்த்தல், சைகை மொழியில் செய்தி அனுப்புதல், வரைபடம் படித்தல், இரவில் வழி கண்டறிதல், சிறு குழுவாக மேற்பார்வையின்றிச் செயல்படுதல் ஆகியவற்றை இந்திய இளைஞனுக்குக் கற்றுக்கொடுத்தால் அது இராசத் துரோகத்துக்கு வழிவகுக்கும் என்று அஞ்சினார்கள். இயக்கத்தின் இயல்பைப் பற்றி அவர்கள் செய்த கணிப்பு, பிற்காலத் திறனாய்வாளர்களின் கணிப்பைவிடத் துல்லியமானது என்றே கொள்ள வேண்டும். வெறும் கீழ்ப்படிதலைக் கற்பிக்கும் ஒன்றைக் கண்டு எந்த ஆட்சியும் அஞ்சுவதில்லை.

மறுக்கப்பட்டதை இந்தியர்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, தாமே தொடங்கினார்கள். ஷாஜஹான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் 1913ஐ ஒட்டித் தம் முயற்சியில் சிறுவர்களைத் திரட்டினார். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜி. எஸ். அருண்டேலும் 1916, 1917 ஆண்டுகளை ஒட்டி இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் கண்டார்கள். அச்சங்கத்துச் சிறுவர்கள் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தார்கள், இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். இதே பெசன்ட்தான் 1916 செப்டம்பரில் தன்னாட்சிக் கழகத்தைத் தொடங்கியவர். இதே பெசன்ட்டையும் அருண்டேலையும்தான் 1917 ஜூனில் பென்ட்லண்ட் பிரபுவின் சென்னை அரசு உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. தன்னாட்சி கேட்டுக் காவலில் இருந்த அதே கைகள் அதே ஆண்டுகளில் சாரணர் படைகளையும் வளர்த்துக்கொண்டிருந்தன. பெசன்ட்டின் அடையாறு வட்டாரத்தில் அவ்விரண்டும் ஒரே வேலையின் இரு கூறுகளாகக் கருதப்பட்டன: தன்னாட்சி பெறப்போகும் நாட்டுக்குத் தன்னைத்தானே ஆளத் தெரிந்த குடிமக்கள் வேண்டும், அப்பழக்கம் பன்னிரண்டு வயதிலேயே தொடங்க வேண்டும் என்பதே அவர்களுடைய வாதம். இவ்வரலாறு சென்னையிலேயே நிகழ்ந்திருந்தும், இங்குள்ள திறனாய்வாளர்கள் மாஃபெகிங்கைப் பற்றி அறிந்த அளவில் கால்பங்கும் அடையாறைப் பற்றி அறியாதிருப்பது வியப்புக்குரியது.

வடக்கே கதை இன்னும் கூர்மையானது. மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரூ, பாஜ்பாய் ஆகியோர் 1918இல் அலகாபாத்தில் அமைத்த சேவா சமிதி சாரணர் சங்கம், பெயரிலேயே தன் வேலையைச் சொன்னது. கும்பமேளா, மாக மேளா போன்ற திருவிழாக்களில் இலட்சக்கணக்கானோர் ஆற்றங்கரையில் கூடும்போது, நெரிசலில் மிதிபடுவோர், படித்துறையில் வழுக்கி விழுவோர், கூட்டத்தில் பெற்றோரைத் தவறவிட்ட குழந்தைகள், வாந்திபேதியால் வீழ்வோர் ஆகியோரைக் கவனிக்க அரசு எந்திரத்தின் கைகள் போதவில்லை. படித்துறையில் கயிறு பிடித்து நின்று வரிசையை ஒழுங்குபடுத்தவும், காணாமற்போன குழந்தையை உரியவரிடம் சேர்க்கவும், நோயாளியைத் தூக்கிச் செல்லவும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அந்த இடைவெளியில் வந்து நின்றார்கள். தொண்டு என்பது செல்வர் கொடுக்கும் பிச்சையாகவோ கோயில் அறக்கட்டளையின் அன்னதானமாகவோ மட்டும் விளங்கிவந்த சமூகத்தில், உடல் உழைப்பாகவும் கற்றுத் தேர்ந்த திறனாகவும் அதைப் பொதுவெளியில் செய்துகாட்டியது இவ்வமைப்பின் முதற்பெரும் சாதனை. பிற்காலத்தில் பேரிடர்க் காலங்களில் தொண்டர்கள் திரளும் வழக்கத்துக்கு முன்னோடிகள் யார் என்று தேடுபவர்கள் இந்தப் படித்துறைகளுக்கும் வந்தாக வேண்டும்.

1921 தொடக்கத்தில் பேடன்-பவல் இந்தியாவுக்கு வந்தபோது பெசன்ட்டின் சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு அதன் கதவு முறையாகத் திறந்தது. மாளவியாவின் சங்கம் இணைய மறுத்துத் தனியே நின்றது. 1937இல் தில்லியில் நடந்த பெருந்திரளணிக்கு வந்த பேடன்-பவல் இந்தியர்களின் குணநலனைத் தாழ்த்தும் வகையில் தெரிவித்த கருத்துகள் கொதிப்பை ஏற்படுத்தின. மறு ஆண்டே இந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நிறுவனர் அவமதித்தபோது இந்தியச் சாரணர்கள் சாரணத்தை விட்டு விலகவில்லை. நிறுவனரை விட்டு விலகினார்கள். உறுதிமொழியையும் அணி முறையையும் முடிச்சுகளையும் தம்முடையவை என்று எடுத்துக்கொண்டு, அவற்றைத் தந்தவரை வெளியே நிறுத்தினார்கள். விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று தாய் அமைப்பின் இந்தியக் கிளையும் இந்துஸ்தான் சாரணர் சங்கமும் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாகி, 1951 ஆகஸ்ட் 15இல் அனைத்திந்தியப் பெண் வழிகாட்டிகள் சங்கமும் அதில் சேர்ந்தது, இக்கைப்பற்றலின் நிறைவு. நிறுவனரின் உள்நோக்கமே இயக்கத்தின் விதி என்று வாதிடுவோர் 1938ஆம் ஆண்டை எப்படி விளக்குவார்கள் என்பது தெரியவில்லை.

சுருல் என்னும் ஊரில் தாகூர் அமைத்த ஸ்ரீநிகேதன் இதற்கு இன்னொரு சான்று. லெனர்டு எல்ம்ஹர்ஸ்ட் 1922இல் அங்கே கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கியபோது, கிராமச் சிறுவர்களைத் திரட்டிய விரதி பாலகர் என்னும் குழு சாரண முறையைத் தழுவியே அமைந்தது. தீயணைத்தல், மலேரியா ஒழிப்புக்காகக் குட்டைகளைத் துப்புரவு செய்தல், காய்கறித் தோட்டம் போடுதல் ஆகியவை அவர்களுடைய வேலைகள். பேரரசைப் பற்றி தாகூருக்கு இருந்த ஐயத்தைவிடப் பெரிய ஐயம் இன்றைய திறனாய்வாளர் எவருக்கும் இருக்க வாய்ப்பில்லை. அவரோ கருவியைக் கையிலெடுத்துப் பார்த்துப் பயன்படுத்திக்கொண்டார்.

கருவி என்று சொல்லப்படுவது எது என்பதை இங்கே விளக்கியாக வேண்டும், ஏனெனில் நிலவும் கருத்து இதைத் திறந்து பார்ப்பதே இல்லை. சாரண முறையின் உயிர்நிலை சீருடையில் இல்லை, அணி முறையில் இருக்கிறது. ஆறு முதல் எட்டுச் சிறுவர்கள் கொண்ட சிறு குழு அணி எனப்படும்; அவ்வணிக்கு அதே வயதை ஒட்டிய, பதின்மூன்று அல்லது பதினான்கு வயதுள்ள ஒருவர் தலைவர். பல அணிகள் சேர்ந்தது படை. அணித்தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் அவைக்குக் கோர்ட் ஆஃப் ஹானர் என்று பெயர். படையின் நிகழ்ச்சிகள், பணச் செலவு, ஒழுங்கு மீறியவர் மீதான நடவடிக்கை ஆகியவற்றை அந்த அவை தீர்மானிக்கும், சாரண ஆசிரியர் உடனிருந்து வழிகாட்டுவார். இம்முறையை விரித்து ரோலண்டு பிலிப்ஸ் 1914இல் எழுதிய நூல் இன்றும் பயிற்சியாளர்களிடையே பேசப்படுகிறது. அவர் 1916இல் சோம் போர்க்களத்தில் மடிந்தார். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்பறையே கல்வியின் ஒரே வடிவமாக இருந்த நாட்டில், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஏழு பேரின் பொறுப்பையும் ஒரு முகாமின் அரிசிக் கணக்கையும் ஒப்படைத்தது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்பதைக் கல்வியாளர்கள் இன்னும் உரிய அளவில் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

கற்பிக்கப்படும் பொருள்களும் கேலிக்குரியவை அல்ல. சாரணரைப் பற்றிய நகைச்சுவைகளில் முதலிடம் பெறுவது கயிற்று முடிச்சு. புதிதாகச் சேரும் சிறுவன் முதலில் கற்கும் முடிச்சுகளுள் ரீஃப் முடிச்சு ஒன்று: இடக்கை முனையை வலக்கை முனைக்கு மேலாகவும், பின் வலக்கை முனையை இடக்கை முனைக்கு மேலாகவும் போட்டு இழுப்பது. இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் முடிச்சு குறுக்காக நின்று வழுக்கும். சரியாகப் போட்ட முடிச்சோ தட்டையாகப் படியும், காயத்தை அழுத்தாது, நோயாளியை நோகச் செய்யாமல் அவிழ்க்கலாம். கட்டுத்துணிக்கு அதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுவே. கழுத்தில் அழகுக்காகக் கட்டியது போலத் தோன்றும் முக்கோணத்துண்டு, முறிந்த கையைத் தொங்கவிடும் தூளியாகும். இரண்டு கோல்களை இரண்டு சட்டைகளின் கைகளுக்குள் செலுத்திப் பொத்தான்களை மாட்டினால் அடிபட்டவரைத் தூக்கிச் செல்லும் படுக்கை தயார். கையிலுள்ள எளிய பொருளைக் கொண்டு அடுத்தவரின் உயிரைக் காப்பாற்றும் அறிவைப் பிள்ளைக்குப் புகட்டுவதில் பேரரசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வியே.

கீழ்ப்படிதல் பற்றிய குற்றச்சாட்டுக்கு வரலாறு இன்னும் கடுமையான விடையைத் தந்திருக்கிறது. கேள்வி கேட்காத இளைஞர்களை உருவாக்குவதே சாரணத்தின் விளைவாயின், அத்தகைய இளைஞர்களை மிகவும் விரும்பிய ஆட்சிகள் அதைப் போற்றி வளர்த்திருக்க வேண்டும். அவை அதைத் தடைசெய்தன. சோவியத் ஆட்சி 1920களின் தொடக்கத்தில் தடைசெய்தது. முசோலினியின் ஆட்சி 1927, 1928 ஆண்டுகளில் கலைத்தது. நாஜி ஆட்சி தன் இளைஞர் அமைப்பைத் தவிர வேறெதையும் விட்டுவைக்கவில்லை. சர்வாதிகாரிகள் சாரணத்தின் உடையையும் முகாமையும் திருடிக்கொண்டு, அணித்தலைவர்களின் மன்றத்தை மட்டும் கவனமாக விட்டுவிட்டார்கள் என்பதில் அந்த மன்றத்தின் மதிப்பு தெரியும்.

தடை விழுந்த நாடுகளில் நடந்தவை இயக்கத்தின் ஆண்டுமலர்களில்கூட அரிதாகவே இடம்பெறுகின்றன. இத்தாலியில் மிலான், மோன்சா நகரச் சாரணர்கள் அக்விலே ரந்தாஜியே என்ற பெயரில் தடையை மீறி மறைவாகத் தொடர்ந்தார்கள். கோடெரா பள்ளத்தாக்கில் முகாமிட்டு, பாசிசம் இருக்கும்வரை இருப்பதோடு அதைவிட ஒரு நாளாவது கூடுதலாக இருப்பது என்று உறுதி பூண்டார்கள். 1943க்குப் பின் அவர்களுள் பலர், யூதர்களையும் தப்பியோடிய போர்க்கைதிகளையும் மலைப்பாதை வழியே சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுசேர்த்த ஓஸ்கார் என்னும் மறைமுக வலைப்பின்னலில் பணியாற்றினார்கள். அவ்வழியே உயிர் பிழைத்தோர் தொகை இரண்டாயிரத்தை ஒட்டியது. மலையில் தடம் பார்த்து நடக்கும் பழக்கம் அங்கே பொழுதுபோக்காக இல்லை. பிரான்சில் ராபர்ட் காம்சோன் தொடங்கிய யூதச் சாரணர் அமைப்பு, மொய்சாக் ஊரில் குழந்தைகளுக்கு இல்லம் நடத்தியது. ஆபத்து நெருங்கியதும் போலி அடையாளத் தாள்களைத் தயாரித்துக் குழந்தைகளை வேற்றுக் குடும்பங்களிலும் மடங்களிலும் மறைத்து வைத்தது.

போலந்துச் சான்று இவற்றுள் மிகவும் விரிவானது. அங்கே சாரணம் 1910, 1911 ஆண்டுகளில், போலந்து என்றொரு நாடே நிலப்படத்தில் இல்லாத காலத்தில், விடுதலை வேட்கையோடு சேர்ந்தே வேர்விட்டது. 1939 செப்டம்பர் 27இல், ஜெர்மானியப் படையிடம் வார்சா வீழும் தறுவாயில், சாரணர் தலைமை ஷாரே ஷெரெகி, அதாவது சாம்பல் நிறப் படைகள், என்ற மறைவுப் பெயரில் தலைமறைவானது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் ஆயுதப் போராட்டத்திலும், அதற்குக் குறைந்தோர் சுவரெழுத்து போன்ற சிறு நாசவேலைகளிலும் ஈடுபட, பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுள்ளவர்களைப் போரில் இறக்குவதில்லை என்று தலைமை முடிவு செய்து, அவர்களுக்கு மறைவுப் பள்ளிக் கல்வியையும் துணைப்பணிகளையும் ஒதுக்கியது. 1944 ஆகஸ்டில் வார்சா எழுச்சி வெடித்தபோது அச்சிறுவர்கள் சாரணர் களத் தபால் ஒன்றை நடத்தினார்கள். இடிபாடுகளுக்கிடையே துண்டு துண்டாகக் கிடந்த நகர்ப்பகுதிகளில், உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று அறியத் தவித்தவர்களுக்கு அவர்கள் கடிதம் கொண்டுசேர்த்தார்கள். ஒரு கடிதம் இருபத்தைந்து சொற்களுக்கு மேற்படக் கூடாது, கட்டணம் கிடையாது, விரும்பியவர் காயமுற்றோருக்காகக் கட்டுத்துணியோ புத்தகமோ கொடுக்கலாம். கட்டளையிட மேலதிகாரி எவரும் அருகில் இல்லாத தெருவில், குண்டு விழும் நேரத்தில், எந்தச் சந்து வழியே போவது என்பதைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனே தீர்மானித்தான். இதைக் கீழ்ப்படிதல் என்று பெயரிட்டு அழைப்பதற்கு மிகுந்த மனத்துணிவு வேண்டும்.

எல்லா நாட்டுச் சாரணரும் எல்லாக் காலத்திலும் இப்படியே நடந்தார்கள் என்பது வாதமன்று. பிரான்சிலேயே சாரணர் அமைப்புகளின் தலைவர்களுள் சிலர் ஜெர்மனிக்கு இணங்கிய விஷி அரசோடு ஒத்துழைத்ததுண்டு. தென்னாப்பிரிக்காவில் கறுப்பினச் சிறுவர்களைச் சாரணர் என்று ஏற்காமல் பாத்ஃபைண்டர் என்ற வேறு பெயரில் ஒதுக்கிவைத்து, நிறவாரியான பிரிவுகளை 1977வரை நீடிக்கவிட்டது இயக்கத்தின் மீது படிந்த அழியாக் கறை. ஆயினும் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் அந்தப் பாகுபாட்டை எதிர்த்தவர்கள் வெளியிலிருந்து ஆயுதம் தேடவில்லை. ஒரு சாரணர் மற்றெல்லாச் சாரணருக்கும் உடன்பிறந்தவர் என்னும் நான்காம் விதியையே எடுத்து நீட்டி, எங்களுக்கு மட்டும் ஏன் தனிப் படை என்று கேட்டார்கள். கென்யாவில் அனுமதியின்றியே சீருடை அணிந்து தம்மைச் சாரணர் என்று அறிவித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஓர் அமைப்பின் அநீதியைக் கண்டிக்கும் சொற்களை அந்த அமைப்பே தன் விதிப்புத்தகத்தில் வைத்திருந்தது என்பது திறனாய்வாளரின் தராசில் ஏறாத எடை.

பெண்களின் பங்கும் அப்படித்தான். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் சாரணர் திரண்டபோது, அழைக்கப்படாத சிறுமியர் தாங்களும் சாரணரே என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றதன் விளைவே மறு ஆண்டில் தோன்றிய வழிகாட்டிகள் இயக்கம். இந்தியாவில் அது 1911இல் ஜபல்பூரில் தொடங்கியது. பெண் குழந்தை பூப்படைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட காலத்தில், பெற்றோர் இன்றி வெளியூர் முகாமில் தங்குவதைக் கௌரவமான செயலாக்கியது சிறிய காரியமன்று.

இனி நிகழ்காலக் கேலிக்கு வர வேண்டும். இதில் பாதி உண்மை. தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் சாரணர் படை என்பது விழா நாட்களில் சீருடை உடுத்தும் ஒரு வரிசை. சாரண ஆசிரியர் பொறுப்பு, ஏற்கெனவே பணிச்சுமை உள்ள ஒருவரின் தலையில் விழுந்த கூடுதல் சுமை. ராஜ்ய புரஸ்கார், குடியரசுத் தலைவர் விருது ஆகியவற்றுக்கும், ரயில்வேயில் சாரணருக்கு உள்ள பணி ஒதுக்கீட்டுக்கும் கண் வைத்துச் சேர்வோர் உண்டு. 2017இல் மாநிலத் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தல் நாளிதழ்களில் பெற்ற இடத்தைப் பல்லாண்டுத் தொண்டு பெற்றதில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 1948இல் உருவான தேசிய மாணவர் படைக்கும் சாரண இயக்கத்துக்கும் வேறுபாடு தெரியாதவர்களே படித்தவர்களிலும் மிகுதி. முன்னதன் துப்பாக்கிப் பயிற்சியைப் பின்னதன் கணக்கில் எழுதிக் கண்டிப்போரும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் குறைகள் எதைக் காட்டுகின்றன? அணி முறையைக் கழற்றிவிட்டுச் சீருடையை மட்டும் வைத்துக்கொண்டால் எஞ்சுவது இதுதான் என்பதையே காட்டுகின்றன. தலைமையாசிரியர் முடிவு செய்ய, ஆசிரியர் விசில் ஊத, மாணவர் நடப்பது சாரணம் ஆகாது; அது உடற்கல்வி வகுப்பின் இன்னொரு பெயர். இந்தோனேசியாவில் பிரமுகா எனப்படும் சாரண இயக்கம் 2013ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கப்பட்டு, உலகின் மிகப்பெரிய உறுப்பினர் எண்ணிக்கையைக் கொண்டிருந்தும், 2024இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. எண்ணிக்கையையும் இயக்கத்தையும் ஒன்றாகக் கருதினால் என்ன நேரும் என்பதற்கு அது பாடம். மருந்தைக் கொட்டிவிட்டுக் குப்பியைக் குடித்தவர் நோய் தீரவில்லை என்று வைத்தியரைக் குறைகூறுவது போன்றதே இன்றைய கேலி.

இயக்கத்தின் ஆதரவாளர்களும் இப்பழியில் பங்குடையவர்கள். உலகில் 5 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், நட்ட மரக்கன்றுகள், நடத்திய இரத்ததான முகாம்கள் என்று பட்டியல் இடுவதையே சமூகப் பயனுக்குச் சான்றாக அவர்கள் நெடுங்காலமாக முன்வைத்து வருகிறார்கள். மரக்கன்று யார் நட்டாலும் மரக்கன்றே. எந்த இடத்தில் நடுவது, கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மாணவர்களே கூடி முடிவு செய்தார்களா என்பதே சாரணத்தைப் பிற தொண்டு நிகழ்ச்சிகளிலிருந்து பிரிக்கும் கேள்வி. ஆண்டறிக்கைகள் அக்கேள்விக்கு விடை சொல்வதில்லை. இவ்வகையில் கேலி செய்வோரும் புகழ்வோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்: இரு தரப்பும் வெளியே தெரிவதை மட்டும் எண்ணுகின்றன.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3வரை மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நடைபெற்றது; நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே திடலில் கூடாரமிட்டுத் தங்கினார்கள். விழாச் செய்திகளில் மேடை பெரிதாகத் தெரிந்தது. மேடைக்குப் பின்னால், மொழி தெரியாத பக்கத்துக் கூடாரத்தாரோடு சேர்ந்து அடுப்பு மூட்டவும் தண்ணீர் முறை வைக்கவும் அப்பிள்ளைகள் தாமே ஏற்பாடு செய்துகொள்ளும் வாய்ப்புதான் இயக்கத்தின் உண்மையான நிகழ்ச்சிநிரல். பள்ளிக்கல்வித் துறையும் மாநிலத் தலைமையும் இனி ஒரு பள்ளியின் சாரணர் படையை மதிப்பிடும்போது, எத்தனை விருதுகள் வாங்கினார்கள் என்று கேட்பதற்கு முன், அணித்தலைவர்கள் அந்த ஆண்டில் எத்தனை முறை கூடி எதை எதை முடிவு செய்தார்கள் என்பதற்கான குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்; குறிப்பேடு இல்லாத படைகளுக்கு அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.